அண்ணன் அறிவித்த அரை ஏக்கர் நாடு

என் அண்ணன் ஒரு நாட்டின் தலைவர். சிரிக்காதீர்கள், அந்த நாட்டுக்கு வெளியுறவு அமைச்சரே நான்தான். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போட்ட அரை ஏக்கர், அதன் ஓரத்தில் ஒரு மோட்டார் கொட்டகை, இரண்டு தென்னை. கண்டமங்கலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், அண்ணன் வீட்டுக்கும் அந்த நிலத்துக்கும் நடுவே ஒரு வண்டிப் பாதைதான். பாதைக்கு இந்தப் பக்கம் இந்தியா, அந்தப் பக்கம் அண்ணன்.

எல்லை என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. தமிழ்நாடும் பாண்டிச்சேரியும் அங்கே துண்டு துண்டாகக் கலந்து கிடக்கின்றன. தமிழ்நாட்டில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் பாண்டிச்சேரியில் போய்த் துப்பலாம். அதனால் அண்ணன் நிலத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, இது தனி நாடு என்றபோது யாரும் ஆடிப்போகவில்லை. அங்கே பெட்ரோல் என்ன விலை என்று மட்டும் கேட்டார்கள்.

அவர் நாடு தொடங்கியது மகளுக்காக. ஒரே மகள். பாண்டிச்சேரியில் வேலை பார்த்த இடத்தில் கோலியனூர்ப் பையன் ஒருவனை விரும்பி, பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். விவசாயக் குடும்பம், தங்கமான பையன், இந்து. நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துக் கல்யாணம் செய்கிற கத்தோலிக்கர்கள். அந்த ஞாயிறு பூசை முடிந்து ஊரே வெளியே நிற்கும்போது, அண்ணன் குகை போலக் கட்டிய மாதா கெபிக்கு முன்னால் போய் மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, “இனிமே அவ என் வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. இது சத்தியம்” என்றார். கோபம் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. சத்தியம் ஆறவில்லை.

பங்குச் சாமியார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “கோவத்துல சொன்னதையெல்லாம் மாதா மனசுல வச்சிக்க மாட்டாங்கய்யா.”

“அவங்க மறந்துடுவாங்க சாமி. சொன்னவன் நான் மறக்கணுமே” என்றார் அண்ணன். இப்படி ஒரு முரட்டு மண்டையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மகள் மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் விவகாரம் முற்றியது. முதல் பிரசவம் தாய் வீட்டில். அது நடக்காதே என்பதுதான் அண்ணியின் மனக்குறை. அழமாட்டாள், கத்தமாட்டாள், அண்ணனுக்குச் சோறு போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். கத்தியிருந்தால் அண்ணன் தாங்கியிருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் ஃபோனில் ஒரு வீடியோ பார்த்தார். எங்கேயோ வெளிநாட்டில் ஒரு ஆள் தன் தோட்டத்தைத் தனி நாடு என்று சொல்லி, கொடி ஏற்றி, தானே ராஜாவாக இருக்கிறாராம். மறுநாள் காலையில் திண்டிவனத்தில் இருந்த எனக்கு ஃபோன்.

“பாப்பா, வழி கெடச்சிருச்சு. வூட்டுக்குத்தான வரக் கூடாது? வேற நாட்டுக்கு வரலாம்ல?”

நாலு நாள் கழித்துப் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். அண்ணியின் பட்டுப் புடவை ஒன்று கொடியாகப் பறந்துகொண்டிருந்தது. கேட்காமல் கிழித்திருந்தார். மோட்டார் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்து, கட்டில் போட்டு, ஃபேன் மாட்டி, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருந்தார். நாட்டுக்கு ஒரே சட்டம்: வருகிறவர்களை ஏன் வந்தாய் என்று கேட்கக் கூடாது. பைத்தியம் என்று திட்டத்தான் வாயைத் திறந்தேன். அந்தக் கட்டிலில் புதுத் தலையணை ஒன்று பிளாஸ்டிக் உறையோடு இருந்ததைப் பார்த்ததும் எனக்குத் திட்ட வரவில்லை.

அண்ணி வாசலிலிருந்து கேட்டாள். “மோட்டார் கொட்டாயிலயா எம் பொண்ண வச்சிப் பாக்கப் போற?”

“ஏசு பாலன் மாட்டுக் கொட்டாயில பொறக்கலயா?”

“அவங்களுக்குச் சத்திரத்துல எடம் இல்ல. நம்ம வூட்ல ரெண்டு ரூம்பு சும்மா கெடக்குது.”

அண்ணன் என் பக்கம் திரும்பினார். என்னை அமைச்சராக்கி, மகளைக் கூட்டி வரச் சொல்லிப் பாண்டிச்சேரிக்கு அனுப்பிவிட்டார்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, “அப்பா ஏன் அத்த, ஒரு ஃபோன் பண்ணல?” என்று கேட்டாள். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னோடு கிளம்பி வந்தாள்.

முந்தின நாள் பெய்த மழையில் பாதை சேறாகிக் கிடந்தது. அண்ணன் வெள்ளை வேட்டியில், அவித்த மல்லாட்டைத் தட்டோடு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார். மகளைக் கண்டதும் தட்டை ஒரு கைக்கு மாற்றினார். மறு கையால் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்.

அவள் குனியவில்லை. “நான் விருந்தாளியா வர்லப்பா. எங்க வூட்டுக்கு வந்திருக்கேன். அது இல்லன்னா இப்பிடியே பஸ் ஏறிடுவேன்.”

அண்ணன் மாதா கெபி இருந்த திசையைப் பார்த்தார், மகளின் வயிற்றைப் பார்த்தார். பிடித்த கயிற்றை விடவும் தெரியவில்லை. அவள் என் கையிலிருந்த தன் பையை வாங்கிக்கொண்டாள். சரி, முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்போது வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணி அவசரமாக உள்ளே போனாள். துணி காயப்போடும் கொடிக்கயிற்றோடு வந்து, வாசல் தூணில் ஒரு முனையையும் முருங்கை மரத்தில் ஒரு முனையையும் கட்டினாள்.

“நீ மட்டுந்தான் நாடு ஆரம்பிப்பியா? இன்னிலருந்து இது என் நாடு. இங்க இருக்கிறது என் வூடு. ஒன் வூட்டுக்குள்ள வரக் கூடாதுன்னுதான சத்தியம் பண்ண? அது அந்தாண்ட கீது பாரு, மோட்டார் கொட்டாயி.” பிறகு மகளிடம், “நீ வாடி உள்ள” என்றாள்.

மகள் படியேறினாள். அண்ணி அவளைக் கட்டிக்கொண்டு கன்னம் கன்னமாகத் தடவினாள். நான் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

அண்ணன் மெல்லப் பாதையைக் கடந்து வந்தார். அந்த வீட்டை அவர்தான் செங்கல் செங்கலாகப் பார்த்துக் கட்டினார். அதன் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“நான் உள்ள வரலாமா?”

அண்ணியைக் கேட்கவில்லை, மகளைக் கேட்டார். அப்பா தலை நிமிரும்வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“கால கழுவிக்கினு வாப்பா. சேறு” என்றாள்.