அன்று கேட்காமல் போன வயலின்

வயலின் ஐயா போய்விட்டார்... காலையில் ஒதியம்பட்டிலிருந்து அவர் மகள் போன் செய்தார்.

எல்லார் ஸ்டேட்டஸிலும் அவர் படம்தான். வெளிநாட்டு மேடைகள், விருதுகள், ஊர் ஊராக சிஷ்யர்கள்... அதையெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் வில்லியனூரில் மைக் செட் போடுகிறவன்.

சவுண்டு செக்கில் மற்ற வித்வான்கள் எக்கோவை ஏற்றச் சொல்வார்கள். இவர் மட்டும், "எக்கோவ எடுத்துடுப்பா. நான் தப்பா வாசிச்சா தப்பாவே கேக்கட்டும்" என்பார்.

ஒருமுறை திருவாண்டார்கோயில் கச்சேரிக்கு அனுப்புவதாகச் சொன்ன கார் வரவில்லை. எங்கள் டெம்போவிலேயே ஏறிவிட்டார், மடியில் வயலின் பெட்டி. என் ஹாரன் சுருதி சேரவில்லை என்று வழியெல்லாம் ஒரே கிண்டல்.

நாலு வருஷம் முன்னால் எங்கள் ஊர்த் திருவிழா. ஐயா கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு பிரமுகர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து போன் பேச ஆரம்பித்தார்.

கமிட்டிக்காரர் என்னிடம் ஓடி வந்தார். "இன்னாடா பாத்துனு இருக்க? தலைவர் பேசறாரு இல்ல... வயலின் சத்தத்த கம்மி பண்ணு!"

குறைத்தேன். அடுத்த வருஷ ஆர்டர் போய்விடுமோ என்ற பயம்.

மேடையில் அவர் வாசிப்பது அவருக்கே கேட்க வைத்த ஸ்பீக்கரும் சேர்ந்து அடங்கியது. ஐயா கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார். மிருதங்கச் சத்தத்துக்கு மேல் கேட்க வில்லை அழுத்தி அழுத்தி வாசித்தார்... நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். "இன்னாபா, நடுவுல என் வயலின் எனக்கே கேக்கல. உனக்கு கேட்டுச்சா?"

"சூப்பரா கேட்டுச்சு ஐயா. மைக்ல ஒண்ணும் கோளாறு இல்ல."

"அப்போ எனக்குத்தான் காது போச்சு போல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் மேடை ஏறவே இல்லை.

இந்த நாலு வருஷமும் அவர் வீட்டு வழியாகத்தான் வண்டி ஓட்டினேன். நிறுத்தி, இறங்கி, உண்மையைச் சொல்ல ஐந்து நிமிஷம் ஆகியிருக்குமா? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே ஓட்டிவிட்டேன். கோழை.

இன்று பூமாலையோடு போனேன். மகள் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "காது கேக்கலன்னுதான் அப்பா கச்சேரிய வுட்டாரு. அதுலயே மனசு ஒடிஞ்சி போச்சு."

என்னைப் பார்த்து, "உனக்குத் தெரியுமேபா" என்றார் அக்கா. தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்... ஐயா உடல் முன்னாலேயே.

அக்கா, நீங்கள் இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள். வீட்டுப் படி ஏறாதே என்றாலும் சரி.

ஐயா, அன்று சத்தத்தைக் குறைத்தது நான். உங்கள் காது நன்றாகத்தான் இருந்தது.

போய் வாருங்கள்.