வைன் ஸ்டோர்ஸ் வாசலில் நின்ற வேன்

வாடகை வேன் ஓட்டுகிறவனுக்கு வண்டியின் பழுதைவிட ஏறுகிற ஆட்களின் மானமரியாதைதான் பெரிய பாரம். ஹயர் ஓடும் சகோதரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மகாவலிக் கரைக்கு ஒரு நாள் பயணம் போய்வந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

பாட்டும் பயானும்

நிந்தவூரில் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் ஒரு ஹாஜியார் மகளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார். மாப்பிள்ளையின் உம்மா ஜெஸீமா சாய்ந்தமருது ஊர்; அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுவேன். கணவர் மௌத்தான பிறகு கைத்தறி நெய்து மகனை ஆளாக்கியவர். இரண்டு வீடும் பழகட்டும் என்று மஹியங்கனைக்குப் போய் ஆற்றங்கரையில் சாப்பிட்டு வருவதாக ஏற்பாடு. ஹாஜியார், மனைவி, மகள், ராத்தா, நான்.

அம்பாறை தாண்டியதும் பாட்டுப் போட்டேன். ஹாஜியார் அதை நிறுத்தி மார்க்கப் பிரசங்கம், பயான் போடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவரே குறட்டை விட்டார். பின்சீற்றிலிருந்து ராத்தா மெதுவாகச் சொன்னார்: "அவர் நித்திரையாகிட்டார் தம்பி, இனிப் பாட்டப் போடுங்க."

நின்ற இடம்

ஆற்றுக்குக் கிட்டப் போனதும் ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது. வண்டியை உருட்டி ஓரங்கட்டி நிமிர்ந்தால், எதிரே 'வைன் ஸ்டோர்ஸ்' பலகை, சாராயக் கடை. பக்கத்தில் வேறு கடையே இல்லை. ஹாஜியார் திரைச்சீலையை இழுத்து மூடச் சொன்னார். நான் பெல்ட்டை மாற்ற வண்டிக்கடியில் படுத்தேன்.

வேலை முடியுமுன் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். ஹாஜியாருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. காலையில் மருந்துக் குளிசை போட்டவர் பகல் சாப்பாட்டுக்குப் பிந்திவிட்டார். வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. உடம்பில் சீனி இறங்கிவிட்டது, உடனே இனிப்பு வேண்டும். சோற்றுப் பார்சல்தான் இருந்தது. அவருக்காகவே யாரும் இனிப்புக் கொண்டுவரவில்லை. கடைக்கு ஓடினேன். கடைக்காரர் சிவப்புச் சோடா ஒன்றோடு வந்து, என்னோடு சேர்ந்து அவரைத் தூக்கி, வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் காற்றாட இருத்தினார். பலகையைக் கண்ட ஹாஜியார் வாயை இறுக்கிக்கொண்டார். மனைவி தலையைத் தாங்க, ஜெஸீமா ராத்தா போத்தலை வாங்கி அவர் வாயில் வைத்து, சோடாதான், குடியுங்கள் என்று அதட்டினார். பாதி இறங்கியதும் முகம் தெளிந்தது. சிங்களவரான கடைக்காரர் தனக்குத் தெரிந்த தமிழில் ஆறுதல் சொன்னார்: "ஹாஜியார், பயம் வேணாம். இங்க உங்கள யாருக்கும் தெரியாதுதானே."

ஆற்றங்கரை

மருத மர நிழலில் சாப்பிட்டோம். பெண்கள் மூவரும் முழங்கால் தண்ணீரில் நின்று சிரித்துக் கதைத்தார்கள். ஹாஜியார் காலை ஆற்றுக்குள் விட்டபடி இருந்தார். பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டார். பள்ளிவாசலில் எத்தனையோ பேரின் வழக்கைத் தானே விசாரித்திருப்பதாகவும், இந்தக் கதை பரவினால் மகளின் கலியாணம்தான் முதலில் அடிபடும் என்றும் சொன்னார். நான் வாய் திறக்கமாட்டேன் என்றேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அல்லாஹ்வுக்குத் தெரிஞ்சா பயமில்ல தம்பி. ஊருக்குத்தான் தெரியப்படாது."

போன்

திரும்பி வரும்போது உகனைக்குக் கிட்ட ராத்தாவின் போன் அடித்தது. அவருடைய காக்கா, மூத்த அண்ணன். அந்த வழியால் போன நம்மட பக்கத்து லொறிக்காரன் எவனோ படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டிருக்கிறான். பலகைக்குக் கீழே ஹாஜியார், வாயில் சிவப்புப் போத்தல். காக்காவின் சத்தம் வேன் முழுக்கக் கேட்டது. குடிகாரன் வீட்டில் சம்பந்தம் வேண்டாம், இன்றைக்கே முறித்துவிடு என்றார். ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தேன், மகள் தலை குனிந்திருந்தாள். நான் வேகத்தைக் குறைத்தேன்.

ராத்தா கடைசி வரை கேட்டுவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "காக்கா, படத்தில போத்தலப் புடிச்சிக்கிட்டு இரிக்கிற கைய வடிவாப் பாருங்க. அது என்ட கை."

பேசி வைத்திருந்த நாளிலேயே கலியாணம் நடந்தது, வலீமா விருந்துக்கு எனக்கும் சொல்லியிருந்தார்கள். இப்போதெல்லாம் யாராவது ஹயர் பேச வந்தால், எங்கே போகவேண்டும் என்பதற்கு முன்னால், கூட வருவது யார் என்றுதான் கேட்கிறேன்.