பிலோமினா ஓடிப்போன செய்தி

தகர டின்னைத் திறந்ததும் ஏலக்காயும் எண்ணெயும் கலந்த வாசனை அறை முழுக்க நிறைந்தது. முந்திரிக்கொத்து!

எண்பதுகளின் நடுவில், குவைத் அப்பாசியாவில் ஒரு வெள்ளிக்கிழமை. ஒரே ரூமில் மூன்று பேர். நான் திருநெல்வேலிக்காரன், ஏசி மெக்கானிக். அந்தோணி குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரன், எனக்கு டூட்டியில் ஜோடி. செல்வராசா அண்ணன் யாழ்ப்பாணம், ஒரு ஆபீஸில் கிளார்க்.

டின் வந்தது பிலோமினா வீட்டிலிருந்து. அந்தோணிக்கு நிச்சயம் செய்த பெண். மூன்று மாதத்தில் கல்யாணம்.

சத்தியமாகச் சொல்கிறேன், பலகாரத்தைவிட அதைச் சுற்றியிருந்த பேப்பர் மேல்தான் எங்கள் கண். தமிழ் எழுத்தைப் பார்த்தே மாதக்கணக்காகியிருந்தது. டின் அந்தோணியுடையது என்பதால் முதல் வாசிப்பும் அவனுக்கே. எண்ணெய் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்த அரைத்தாள்...

வாசித்தவன் வாயிலிருந்த முந்திரிக்கொத்தை மெல்லவில்லை.

நான் பிடுங்கிப் பார்த்தேன். "குளச்சல் அருகே நிச்சயம் முடிந்த மணப்பெண் மாயம். பிலோமினா என்ற அப்பெண், கோயிலில் ஹார்மோனியம் வாசிக்கும் வாலிபருடன் ஓடிவிட்டதாகத் தெரிகிறது. வெளி..."

அதற்கு மேல் கிழிந்திருந்தது. வயது இருந்த இடத்தில் எண்ணெய்.

"வெளிநாட்டுல வேலை பாக்குற மாப்பிள்ளை... அதாம்லே போட்டிருக்கும்!" கிழிசலை அந்தோணியே நிரப்பிக்கொண்டான். "ஹார்மோனியம் வாசிக்கது சேவியராக்கும். நிச்சயத்தன்னைக்கே அவன் சிரிச்ச சிரிப்பு எனக்குப் பிடிக்கல்ல."

"பொறும் தம்பி. ஓடின பிள்ளையின்ர வீட்டாக்கள் ஏன் பலகாரம் அனுப்பினவை?" என்றார் செல்வராசா அண்ணன்.

"வாய் விட்டுச் சொல்ல முடியாம, பேப்பரைச் சுத்தி அனுப்பிச்சிருக்காவ அண்ணே!"

போன் போட்டுக் கேட்டுவிடலாம் என்று பார்த்தோம். அவர்கள் ஊரில் போன் இருந்தது ஒரே வீட்டில். அன்று லைனும் கிடைக்கவில்லை.

அந்தோணி டூ-இன்-ஒன்னில் புதுக் கேசட்டைப் போட்டான். அப்போது எங்களுக்கெல்லாம் கடிதத்தைவிடக் கேசட்தான். "பிலோமினா... நீ நல்லா இரு. அந்த ஹார்மோனியத்தோடயே நல்லா இரு" என்று ஆரம்பித்தவன், ஏ பக்கம் முழுக்கத் திட்டினான். பி பக்கத்தில் திட்டு தீர்ந்துபோய் வெறும் அழுகை. நடுவில் நான் "அண்ணே, பருப்புக்கு உப்பு போட்டாச்சா?" என்று கேட்டதும் பதிவாகிவிட்டது.

அன்று மாலை ஃப்ளைட்டில் லீவுக்குப் போகிறவர், மங்காஃபில் இருந்த நர்ஸ் லீலா அக்கா. அந்தோணிக்குப் பக்கத்து ஊர். பஸ் பிடித்துப் போய் அவர் கையில் கேசட்டைக் கொடுத்துவிட்டு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

பேப்பர் இப்போது செல்வராசா அண்ணன் முறை. மறுபக்கத்தில் ஒரு சோப்பு விளம்பரம்.

"தம்பி, ந.பை. எண்டா என்ன? சோப்புக்கு விலை போட்டிருக்கு."

"நயா பைசா அண்ணே. நான் சின்ன வகுப்பு படிக்கும்போது..."

சொல்ல வந்ததை நிறுத்திவிட்டு, விலையை இன்னொரு தடவை பார்த்தேன். நயா பைசா என்று சொல்வதை விட்டே இருபது வருஷம் ஆகியிருந்தது. அது அறுபதுகளின் பேப்பர்! அந்தப் பிலோமினா ஓடியபோது இந்தப் பிலோமினா பிறந்திருக்கவே மாட்டாள்.

"எலே அந்தோணி, எந்திரி!"

டாக்ஸி பிடித்தோம். மங்காஃப் வீட்டில் பூட்டு. ஏர்போர்ட்டில் லீலா அக்கா கையாட்டினார். "கவலப்படாத மக்களே, பத்திரமா பெட்டியில வச்சு லக்கேஜ்ல போட்டாச்சு!"

மறுநாள் பிலோமினா வீட்டுக்குத் தந்தி அடித்தோம். கேசட்டைக் கேட்க வேண்டாம், அவ்வளவுதான் வாசகம். அதைவிடப் பெரிய தப்பை நாங்கள் செய்திருக்க முடியாது. லீலா அக்கா கேசட்டைக் கொண்டு கொடுப்பதற்கு முன்பே தந்தி போய்ச் சேர்ந்தது. கேட்கக் கூடாத கேசட் ஒன்று வருகிறது என்று தெருவே காத்திருந்தது. கேசட் வந்ததும் டேப் ரெக்கார்டரை வாசலில் வைத்துக் கேட்டிருக்கிறார்கள்.

ஒரு மாதம் அந்தோணி சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு பதில் கேசட் வந்தது. மூவரும் தரையில் உட்கார்ந்தோம். முதலில் பெண்ணின் அப்பா குரல்.

"மாப்ளே, பேப்பர்ல உள்ளது எனக்க தங்கச்சியாக்கும். அவ போன பொறவு நான் அவ கூட மிண்டல, ஒரு வார்த்த பேசல. ஆனா பொறந்த பிள்ளைக்கு அவ பேரத்தான் வச்சேன். அந்தப் பேப்பர பெட்டிக்கு அடியில போட்டிருந்தேன். வீட்டுல தெரியாம எடுத்துச் சுத்திட்டாவ. நீங்க அழுத அழுகையக் கேட்டப்போ... எனக்கும் தாங்கல்ல. மதுரைக்குப் போயி அவளப் பாத்துட்டு வந்தேன்."

 பிறகு ஒரு பெண் குரல்.

"ஹார்மோனியத்தோட நல்லா இருன்னு சொன்னியள்லா? மாமா நல்லாத்தான் வாசிக்காவ. நம்ம கல்யாணத்துக்கு அவியதான் வாசிக்கப் போறாவ. வந்து கேளுங்க."

டக். முடிந்தது.

அந்தோணி அதை ஏழு தடவை ரிவைண்ட் செய்தான். "கோவமா இருக்காளா அண்ணே?"

செல்வராசா அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோவம் இருக்கு தம்பி. ஆனா கலியாணமும் இருக்கு."

எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஆல்பத்தில்தான் பார்த்தேன். இரண்டு பிலோமினாக்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். நடுவில் பெண்ணின் அப்பா, கேமராவைப் பார்க்காமல் தங்கையையே பார்த்துக்கொண்டு.

செல்வராசா அண்ணன் இப்போது இல்லை. அந்தோணி ஊரில் இருக்கிறான். போன வாரம் வீடியோ காலில் வந்தான், தலை முழுக்க நரைத்து. "என்னலே, அங்க என்ன சேதி?" என்று கேட்டான்.

காலையிலிருந்து போனில் நானூறு செய்தியாவது தள்ளிப் பார்த்திருப்பேன்... யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒன்றுகூட நினைவில் நிற்கவில்லை.

"ஒண்ணும் இல்லைலே" என்றேன்.