எனக்குப் பொருந்தாத அண்ணன்

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து நான் மதினியின் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தேன். அவள் எங்கள் தாய்மாமாவின் மகள். முறைப்பெண் என்று அண்ணனுக்குக் கட்டிவைத்தார்கள். முப்பது வருடமாகியும் அவள் பேரில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. சமயம் வரும்போது கையை விரித்துவிடுவாள் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். இதோ, சமயம் வந்துவிட்டது.

கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அண்ணன் மகன்தான் சிறுநீரகம் கொடுக்க முதலில் முன்வந்தான். கல்யாணமாகாத பிள்ளையின் உடம்பில் கத்தி வைக்கக்கூடாது என்று அண்ணன் ஒரே பிடியாக நின்றுவிட்டான். மிச்சம் நானும் மதினியும். எங்கள் மூன்று பேருக்கும் ஒரே ரத்தப் பிரிவு. ஆனால் அதற்கு மேலும் ஒரு பொருத்தம் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள்.

முடிவு என்ன வரும் என்று எனக்கு முன்பே தெரியும். நானும் அண்ணனும் ஒரே அச்சு. அதே மூக்கு, அதே முன்கோபம். கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது முன்பின் தெரியாதவர்கள்கூட இன்னார் தங்கைதானே என்று கேட்டிருக்கிறார்கள். மதினி வெளியிலிருந்து வந்தவள். சித்தி மகள் என்றால் தங்கை, மாமா மகள் என்றால் பெண் எடுக்கலாம். யார் ரத்தம் ஒன்று, யார் ரத்தம் வேறு என்று எங்கள் ஆட்கள் எப்போதோ முடிவு கட்டியாகிவிட்டது. இதெல்லாம் மதினிக்கும் தெரியும், தன் தலையில் விழாது என்பதால்தான் இவ்வளவு தைரியமாக ரத்தம் எடுக்கக் கையை நீட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ரிப்போர்ட் வந்தது. மதினிக்குப் பாதிப் பொருத்தம். எனக்கு ஒன்றுமே இல்லை.

"குழாய் மாறிப்போயிருக்கும்," என்றேன் டாக்டரிடம். நான் விடமாட்டேன் என்று தெரிந்து இன்னொரு தடவை எடுத்தார்கள். அதிலும் அப்படியே. அடுத்து என் சந்தேகம் செத்துப்போன அம்மா மேல் போனது. என்னைத் தம்பானூர் ஸ்டேஷனில் கண்டெடுத்ததாக அண்ணன் சின்ன வயதில் கேலி செய்வான். ஐம்பத்திரண்டு வயதில் அது கேலியாகத் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய்ப் பழைய போட்டோக்களையெல்லாம் கொட்டி, அம்மா முகத்தையும் என் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

டாக்டர் மலையாளத்தில் பொறுமையாக விளக்கினார். இந்தப் பொருத்தத்துக்கான ஜீன்கள் அப்பாவிடம் இரண்டு செட், அம்மாவிடம் இரண்டு செட். ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பாவிடமிருந்து ஒரு செட், அம்மாவிடமிருந்து ஒரு செட் போகும். அண்ணனுக்குப் போகாத இரண்டும் எனக்கு வந்திருக்கிறது. கூடப் பிறந்தவர்களில் நாலில் ஒருவருக்கு இப்படி ஆகும், மற்ற எத்தனையோ ஜீன்கள் எங்களுக்குள் பொதுவாகத்தான் இருக்கும். அம்மாவிடமிருந்து அண்ணனுக்கு வந்த அதே செட் மாமாவிடமும் இருந்திருக்க வேண்டும், அதுதான் மதினிக்கு வந்திருக்கிறது. முறை பார்த்துப் பிரிக்க ஜீனுக்குத் தெரியவில்லை.

"வாழைக்கும் நமக்கும்கூட பொதுவான ஜீன் உண்டு அத்தை," என்றான் அண்ணன் மகன், என்னைத் தேற்றுவதாக நினைத்து. "பன்னியோட கிட்னியையே கொஞ்சம் மாத்தி மனுஷனுக்கு வச்சுப் பாக்காங்க."

"பன்னி ஆகும், நான் ஆகமாட்டேனாக்கும்?" என்றேன். அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

டாக்டர் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். என்னுடையதை வைக்கவே முடியாது என்றில்லை, மதினியுடையது இன்னும் நன்றாகச் சேரும், அவ்வளவுதான். நான் தலையாட்டினேன். மதினியிடம் அதைச் சொல்லவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் மதினி கட்டிலில் உட்கார்ந்து வளையல்களைக் கழற்றினாள். அவளுடைய சொந்தத் தங்கை பக்கத்திலேயே நின்றாள். ஆனால் மதினி வளையல்களை என் கையில் கொடுத்தாள். ஏன் என்னிடம் என்று உடனே யோசித்தேன். பழக்கம் போகுமா?

"உனக்குப் பொருந்தியிருந்தா நீ என்னைய இதுல படுக்க விட்டிருக்க மாட்ட பிள்ள," என்றாள். "எனக்குத் தெரியும். நீ அண்ணன்மேல உசிர வச்சிருக்கவ. பாவம், பொருந்தாமப் போச்சு."

குத்திக்காட்டுகிறாளா என்று அவள் முகத்தைத் துருவிப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே எனக்காக வருத்தப்பட்டாள்.

அந்த ரிப்போர்ட்டில் என் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை என்று கண்டபோது எனக்கு முதலில் வந்தது சந்தேகம் இல்லை. நிம்மதி. அது வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்றுதான் குழாய் மேலும் அம்மா மேலும் பழியைப் போட்டு அத்தனை கூத்தடித்தேன். அத்தனை வாரமும் நான் துருவிப் பார்க்காமல் விட்ட ஒரே ஆள் நான்தான்.

"ஆமா மதினி," என்றேன்.