ஸ்டோயிக் என்றால் ஸ்டாக் இல்லை

உலகத்தில் இதுவரை பிறந்த தத்துவ ஞானிகள் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி, தண்ணீர் தெளித்து, நீராவியில் அழுத்தி, நான்காக மடித்து அலமாரியில் அடுக்கக்கூடிய ஒரே பெண்மணி இஸ்திரியக்காதான். அவள் கோபமாக மூச்சு விட்டால் போதும், பாய்லர் அணைந்திருந்தாலும் போர்வையில் சுருக்கம் நீங்கிவிடும். அவள் ஷிப்ட் முடிந்ததா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சூரியனே இறங்கும். இதில் ஒரு சொல்கூட மிகையில்லை. சந்தேகப்பட்டு அவளிடமே கேட்கப் போனவர்கள் யாரும் இதுவரை முழுசாகத் திரும்பவில்லை.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். அவளுக்கு ஒரு மகள். இந்தக் கதையை எழுதுவதும் அந்த மகள்தான் என்றாலும், நியாயம் கெடக்கூடாது என்பதற்காக அவளையும் இங்கே தள்ளி நிறுத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடம் அது. ஸ்டீம் பிரஸ் முன்னால் பதினொரு வருடம் நின்றாள் இஸ்திரியக்கா. கட்டில் விரிப்பை விரித்து, மூடியை இறக்கி, மிதியை மிதித்து, மூடியைத் தூக்கி, மடித்து, அடுத்தது. ஒரு ஷிப்டில் நானூறு விரிப்பு. இடது காலில் நரம்பு மண்புழு போலச் சுருண்டு புடைத்துக்கொண்டது. "இனியும் நின்னுக்கிட்டே வேலை பாத்தீங்கன்னா புண்ணு வந்துடும். வந்தா ஆறாது" என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார்.

ஸ்டாக் ரூமில் ஓர் இடம் காலியாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து துணிக்கட்டுகளுக்குச் சீட்டுக் குத்துகிற வேலை. டாக்டர் சீட்டையும் சேர்த்து இஸ்திரியக்கா மனுப் போட்டாள். வெள்ளிக்கிழமை அது திரும்பி வந்தது. அடியில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி.

பிரஸ் பகுதிக்கே வாசித்துச் சொல்லும் பொறுப்பு 'ரேடியோ' என்கிற தோழியுடையது. வாயை மூடத் தெரியாததால் வந்த பெயர். ரேடியோ காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டாள்.

"ஷி இஸ் எ... ஸ்டா... ஸ்டாக்! கன்டினியூ. அடியே, நீ ஸ்டாக் ஆளாம். அங்கேயே கன்டினியூ பண்ணணுமாம்!"

"நடுவுல ஒரு ஐ இருக்கே?" என்றாள் இஸ்திரியக்கா.

"ஆமா, அந்த டைப் அடிக்கிற ஆளோட லட்சணம் தெரியாதா? போன மாசம் லீவுங்கிற இடத்துல லீஃப், அதாவது இலைன்னு அடிச்சவன்தானே?"

யாருக்கும் சந்தேகமே வரவில்லை. இஸ்திரியக்கா எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாள். பதினொரு வருடம் மிதித்த மிதியைத் துணியால் துடைத்து வைத்தாள். திங்கட்கிழமை காலை, தோய்த்த உடுப்போடு ஸ்டாக் ரூமுக்குப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏழு நிமிடம் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு மேனேஜர் வந்தார். நான்கு பக்கமும் கண்ணாடி வைத்த அறைக்குள் உட்கார்ந்து எல்லோரையும் பார்ப்பவர். காகிதத்தை வாங்கிப் படித்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

"இது ஸ்டாக் இல்லம்மா, ஸ்டோயிக்! எவ்வளவு கஷ்டம் வந்தாலும் வாயைத் திறக்காம தாங்குறவங்கன்னு அர்த்தம். பாராட்டும்மா இது. முனகுறவங்களுக்குத்தான் நாற்காலி. நீங்கதான் தாங்குறீங்களே! எழுந்திருங்க."

இரண்டு ஷிப்ட் ஆட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இஸ்திரியக்கா எழுந்தாள். 'முடியாது' என்று சொல்லியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு எரிந்திருக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு பதினொரு வருடம் நின்றதை எடுத்து, பாராட்டு என்று பெயர் வைத்து, அதையே அவள் காலுக்கு விலங்காகப் பூட்டிவிட்டான் படுபாவி. அன்று அவள் பிரஸ் மூடியை இறக்கிய வேகத்தில் மூன்று தலையணை உறைகளின் பொத்தான்கள் தூளாகின.

தலைமை அலுவலகத்துக்கு மேல்மனுப் போடலாம். பதினைந்து நாளைக்குள் போட வேண்டும். அதுவும் ஆங்கிலத்தில்தான் எழுதி, மேனேஜர் கையில்தான் கொடுக்க வேண்டும்.

"உன் இங்கிலீஷ் புக்கை எடுத்துட்டு வா" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

மகளுடைய சொல்வளப் புத்தகத்தில் ஒன்பதாம் பாடம் முழுக்கத் தத்துவச் சொற்கள். ஸ்டோயிக்கும் அதில் இருந்தது. தலைப்பைக் கூட்டி வாசித்தாள் இஸ்திரியக்கா: "ஸ்கூல்ஸ்... ஆஃப்... தாட். இந்த ஸ்கூலெல்லாம் எங்கடி இருக்கு?"

"அது ஸ்கூல் இல்லம்மா. ஒரே மாதிரி யோசிக்கிற கூட்டத்துக்கு அப்படிப் பேரு."

"அதானே பாத்தேன். நெஜ ஸ்கூலா இருந்தா நீ ஒண்ணுலயாவது பெயிலாகியிருப்பியே."

துணிக்கட்டில் குத்துகிற சீட்டில் நாளைக்கு இரண்டு சொல் எழுதி ஏப்ரனின் உள்பக்கம் குத்திக்கொண்டாள். மூடியை இறக்கும்போது ஒரு முறை, தூக்கும்போது ஒரு முறை முணுமுணுப்பாள். அர்த்தம் மறக்காமலிருக்க ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஆளைப் பிடித்தாள். பதினொரு வருடமாகத் தினமும் பார்க்கிற முகத்திடம் அடையாள அட்டை கேட்கும் வாட்ச்மேன் ஸ்கெப்டிக். யார் நல்லது செய்தாலும் "உள்நோக்கம் இருக்கும்" என்கிற ரேடியோவின் புருஷன் சினிக். எதைக் கேட்டாலும் "என்னத்த இருந்து என்னத்த" என்கிற பாய்லர்காரர் நிஹிலிஸ்ட்.

"எங்க வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ்ல பேரு இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!" என்று ரேடியோ வாயில் கை வைத்தாள்.

கோபத்தில் படிப்பவர்களோடு ஒரே வீட்டில் இருப்பது லேசில்லை. "திருப்பிச் சொல்லு. உச்சரிப்பு ஒழுங்கா சொல்லு. கொட்டாவி விடாதே" என்று மகளைப் பிழிந்து காயப்போட்டாள். பன்னிரண்டாவது நாள் மகளுக்குப் பொறுக்கவில்லை.

"ஹெடோனிஸ்ட்னா என்னடி?"

புத்தகத்தை மூடிவைத்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்க்காமல் மகள் சொன்னாள்: "தன்னோட உரிமையை யாருக்கும் விட்டுக்கொடுக்காத வீராங்கனை."

"அட! நல்ல சொல்லா இருக்கே."

சுகம்தான் வாழ்க்கை என்று கிடப்பவர்களுக்கு உண்டான சொல் அது. அம்மா யாரிடமாவது பீற்றிக்கொள்வாள், சிரித்துத் தொலைக்கலாம் என்று மகள் நினைத்தாள். அவள் புத்தி அவ்வளவுதான்.

பதினைந்தாம் நாள் காலை. அம்மா வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, மேஜையில் மேல்மனுவின் கிறுக்கல் பிரதி கிடந்தது. கொட்டை எழுத்தில் இரண்டு வரி: ஐ ஆம் நாட் எ ஸ்டோயிக். ஐ ஆம் எ ஹெடோனிஸ்ட்.

கால் நரம்பும் டாக்டர் சொன்ன புண்ணும் எல்லாம் அந்த இரண்டாம் வரியில் தொங்கிக்கொண்டிருந்தன. மகள் அதன் பிறகு என்ன செய்தாள் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பாள்.

கண்ணாடி அறைக்குள் மேனேஜர் அந்த இரண்டு வரியைப் படித்தார். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கணக்கரை வேறு கூப்பிட்டுக் காட்டினார்.

"ஹெடோனிஸ்ட்டாம்! ஏம்மா, அர்த்தம் தெரிஞ்சுதான் எழுதினீங்களா? இதை அப்படியே தலைமை ஆபீசுக்கு அனுப்பட்டுமா?"

"தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"சுகம் வேணும், வலி வேணாம்னு நினைக்கிறவங்க. எம்பத்திமூணாம் பக்கம். என் பொண்ணு வேற அர்த்தம் சொன்னா. அவ முகம் நேரா இருந்துச்சு. நேரா இருந்தா அது அவ முகமே இல்லை. அதான் மறுநாள் அவ புக்கை எடுத்துட்டுப் போய் பஸ்ல வெச்சுப் பாத்தேன்."

மேனேஜரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"தினம் நானூறு தடவை மிதிச்ச கால் சார் இது. வலி வேணாம்னு சொல்லுது. உக்காரணும்னு சொல்லுது. அதுக்குப் பேரு சுகம்னா, ஆமா, நான் அதேதான். பதினொரு வருஷம் வாயைத் திறக்காதது என் தப்பு. அதைப் பாத்துப் பாராட்டு எழுதினது உங்க தப்பு. தாங்குறவளுக்கு நாற்காலி கிடையாதுன்னா, இனிமே நான் தாங்க மாட்டேன். அந்த வார்த்தையை அடிக்காம, திருத்தாம அனுப்புங்க. அனுப்பினதுக்கு என் கையில ஒரு முத்திரைச் சீட்டுக் குடுங்க."

குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். ஆனாலும் கண்ணாடிக்கு வெளியே பிரஸ்கள் ஒவ்வொன்றாக நின்றன. ரேடியோ கண்ணாடியில் காதை ஒட்டிவைத்துக்கொண்டாள். மேனேஜர் இங்க் திண்டைத் தேடி எடுத்து முத்திரை குத்தினார். அவசரத்தில் முதல் முத்திரை தலைகீழாக விழுந்தது. "இன்னொண்ணு குத்துங்க" என்றாள்.

ஒன்பதாம் நாள் உத்தரவு வந்தது. இந்த முறை ரேடியோ ஒவ்வோர் எழுத்தாக நான்கு தடவை வாசித்தாள். ஸ்டாக்தான். நடுவில் ஐ இல்லை. இஸ்திரியக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கோபம் மட்டும் உட்காரவில்லை. ஸ்டாக் ரூம் ஜன்னல் வழியே பார்த்தால், பிரஸ்களின் முன் இன்னும் பதினான்கு பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள். முன்பு நிற்கும்போது அவளுக்கு விரிப்பு மட்டும்தான் தெரியும். இப்போது கால்கள் தெரிகின்றன. ரேடியோவின் வலது கெண்டைக்காலில் புழு நெளிய ஆரம்பித்துவிட்டது. சீட்டுக் குத்துகிற ஊசியைப் பல்லில் கடித்தபடி அவள் அடுத்த மனுவை எழுதிக்கொண்டிருக்கிறாள், பதினான்கு பேருக்கும் சேர்த்து. அதற்காகப் பத்தாம் பாடத்தையும் ஆரம்பித்தாயிற்று. வீட்டில் நிம்மதி போயிற்று.

இந்தக் கதையை மகள் இந்த இடம் வரை எழுதி முடித்து, தலையணைக்கு அடியில் செருகி வைத்தாள். தலையணை உறையை எங்கே மாற்றினாலும் மோப்பம் பிடிக்கிறவளிடம் அது ஒளியுமா? இஸ்திரியக்கா காகிதங்களை எடுத்து, விரலால் தொட்டுத் தொட்டுக் கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். முதல் பத்திக்குச் சிரிக்கவில்லை. மேனேஜரின் முத்திரைக்கும் சிரிக்கவில்லை. பதினைந்தாம் நாள் காலைக்குத் திரும்பிப் போய் அங்கேயே விரலை ஊன்றினாள்.

"பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பாளா? ஒத்தைச் செருப்போட கேட்டுக்கு ஓடி வந்து, 'எங்கம்மாவை உள்ள விடாதீங்க, தப்பு என் மேலதான்'னு வாட்ச்மேன் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு அழுதது யாருடி, பக்கத்து வீட்டுப் பொண்ணா?"