நான் அழித்த செருப்புகள்

கணினி விளையாட்டுகளுக்கு வீடும் தெருவும் வரைந்து கொடுப்பதுதான் இப்போது என் தொழில். தொடங்கியது பன்னிரண்டு வயதில், பலெர்மோவில். பள்ளி விட்டு வந்தால் அல்பெர்கேரியா என்ற சந்தைப் பகுதியில், மூன்றாம் மாடி வீட்டில் நானும் சுவர்களும்தான். அம்மா, சிஞோரா என்று தான் அழைக்கும் ஒரு இத்தாலியப் பெண்மணியின் வீட்டைத் துடைத்துவிட்டு ஏழு மணிக்கு வருவார். உணவகத்தில் கோப்பை கழுவும் அப்பா வரும்போது நான் தூங்கியிருப்பேன். கீழே சந்தைக்காரர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். அதைப் பேச்சுத்துணையாக வைத்துக்கொண்டு வரைவேன். உள்ளே இருந்த வெறுமைக்குப் பெயர் தனிமை என்று தெரியாது. பசி என்று நினைத்துப் பாண் தின்பேன்.

அந்த வருடம் நகரின் சீசா என்ற பகுதியில் பிள்ளைகளுக்குக் கணினி விளையாட்டு ஓவியம் இலவசமாகக் கற்றுக்கொடுத்தார்கள். கடைசிப் படத்தைப் பார்த்து நான்கு பேரை மட்டும் மேல்வகுப்புக்கு எடுப்பார்கள். ஒரு வீட்டு வாசலை வரைய வேண்டும். யாரையும் வரையாமலே உள்ளே ஆள் இருப்பது தெரிய வேண்டும். இதைவிட லேசான வேலை உண்டா? மூடிய கதவுக்கு வெளியே மூன்று சோடிச் செருப்பு வரைந்தேன். அம்மாவின் செருப்பில் அறுந்து தைத்த வாரைக்கூட விடவில்லை.

வகுப்பில் ஒருவருக்கும் விளங்கவில்லை. குப்பையில் போட்டதா என்று ஒரு பெண் கேட்டாள். ஆசிரியையும் மிகுந்த அன்போடு, செருப்பு குழப்புகிறது, யன்னலில் வெளிச்சம் போதும் என்றார். வீட்டுக்குள்ளும் சப்பாத்தோடு நடக்கிறவர்களுக்கு என்னத்தைச் சொல்வது? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூன்று சோடியையும் அழித்தேன். மேல்வகுப்பில் இடம் கிடைத்தது.

படங்களைச் சுவரில் பெரிதாகக் காட்டிய அன்று அம்மா வேலையிலிருந்து நேரே வந்தார். என் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார்.

“எங்கட வாசல்தானே, பிள்ளை?”

“ஓம்.”

“ஏன் வீட்டிலை ஒருத்தரும் இல்லை?”

யன்னல் வெளிச்சத்தைக் காட்டினேன். அம்மா அதைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். மற்றத் தாய்மார் எல்லோரும் கைதட்டுகிறார்கள், இவர் மட்டும் குறை பிடிக்கிறாரே என்று எனக்கு ஆத்திரம். பஸ்ஸில் வீடு வரும்வரை அவரோடு கதைக்கவில்லை.

அடுத்த கிழமையிலிருந்து, புதன்கிழமைகளில் நான் பள்ளியால் வரும்போது அம்மா வீட்டில் இருந்தார். சிஞோராவுக்கு இப்போது வேலை குறைவு, சம்பளத்தை மட்டும் குறைக்கவில்லை என்றார். அந்தச் சிஞோரா மிகவும் நல்லவர் என்று நான் பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.