நஜ்முன்னிசாவின் பொஸ்தகம்

எந்த வரிசையில் போய் நின்றாலும் நஜ்முன்னிசா முன்னால் நிற்பவரிடம் இது எதற்கான வரிசை என்று இந்தியில் கேட்பாள். "யே லைன் கிஸ்கா ஹை?" தாராவிக் குழாயடியில், இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டே இதைக் கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? "கொடத்தத் தூக்கிக்கிட்டு சினிமாவுக்கா நிக்கோம்?" என்பாள் முன்னால் நிற்பவள். நஜ்முன்னிசாவுக்குக் கோபம் வராது. "கேட்டுக்கிட்டா நல்லதுதானே" என்பாள். பிறகு தனக்குப் பின்னால் வந்து நிற்பவளிடம், அவள் கேட்காமலே, "இது தண்ணிக்குத்தான்" என்று சொல்லிவிடுவாள்.

அந்தப் பழக்கம் மனாமாவில் வந்தது. அங்கே ஒருமுறை விசாவைப் புதுப்பிக்கப் போய், கைக்குழந்தையோடு காலை முழுக்கக் கால் கடுக்க நின்று ஜன்னலை எட்டினாள். அப்போதுதான் அது கார் லைசென்ஸுக்கான வரிசை என்று தெரிந்தது. ஜன்னலுக்குள் இருந்தவன் சிரித்தான். அவளுக்கு உள்ளங்கால்வரை வியர்த்துவிட்டது.

அவள் பிறந்தது கொழும்பில். வாப்பா அங்கே குடைக்கடை வைத்திருந்தார். அவருக்குக் குடியுரிமை கிடைத்ததால் மகளுக்கும் இலங்கைப் பாஸ்போர்ட்தான். கட்டிக்கொண்டது மேலப்பாளையத்து ஷாகுல் ஹமீதை. பஹ்ரைனில், மனாமா நகரத்தில் ஒரு லாண்டரியில் அவருக்கு இஸ்திரி போடும் வேலை. பெண்டாட்டி அங்கேயே தங்கியிருக்கலாம் என்று பாஸ்போர்ட்டில் ஊதா மையில் விசா குத்திக் கொடுத்திருந்தார்கள். வயிற்றில் கட்டி வந்தபோது, பம்பாயில் அறுத்துக்கொள்வது நல்லது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். தாராவியில் அவளுடைய அக்கா, லாத்தா சைனப் இருந்தாள். லாத்தாவின் புருஷன், மச்சான் இனாயத்துல்லா தோல் செருப்புப் பட்டறையில் வேலை செய்தார். மூத்த பெண்ணையும், அப்போதுதான் நடை பழகிய சின்னவனையும் புருஷனிடம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினாள். சீக்கிரமே திரும்பிவிடுவதாகத்தான் சொல்லிவிட்டு வந்தாள். அறுத்த இடம் சீழ் பிடித்து, ஆறி, மறுபடி சீழ் பிடித்தது. அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதே பாஸ்போர்ட்டின் காலம் முடிந்துபோயிற்று. ஊதா விசாவுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது.

ஆக, பிறந்த நாட்டின் புத்தகம், பிழைக்கிற நாட்டின் முத்திரை, படுத்துக் கிடந்ததோ மூன்றாவது நாட்டில். தேறி எழுந்து உட்கார்ந்ததிலிருந்து நஜ்முன்னிசாவுக்கு வேறு நினைப்பே இல்லை.

பாஸ்போர்ட்டை அவள் "பொஸ்தகம்" என்றுதான் சொல்வாள். பொஸ்தகத்துக்கு ஈரம் ஆகாது, எலி ஆகாது, சின்னப் பிள்ளைகளின் கை ஆகாது. அது ஆடி மாதத்து மழைக்காலம். சைனப் வீட்டுத் தகரக் கூரை ஒழுகும் இடத்தைத் தினம் மாற்றிக்கொண்டிருந்தது. இவளும் பொஸ்தகத்தை மெழுகுத்துணியில் சுற்றி, அரிசி டின்னிலிருந்து பெட்டிக்கும் பெட்டியிலிருந்து அடுப்பு மேடைக்கும் மாற்றிக்கொண்டிருந்தாள். ரொட்டி தட்டிக்கொண்டே இருப்பாள். திடீரென்று மாவுக் கையோடு எழுந்துபோய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். இங்கிலீஷ் எழுத்து அவளுக்குத் தெரியாது. ஆனால் விசா எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே திறந்து காட்டுவாள்.

கோட்டைப் பகுதியில் இருந்த இலங்கை அரசாங்க அலுவலகத்துக்கு இனாயத்துல்லா அவளை ரயிலில் கூட்டிக்கொண்டு போனார். அங்கே மேசையில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார்.

"புதுசு தரலாம், தங்கச்சி. ஆனா கொழும்புக்கு எழுதி, உங்கட பதிவு சரியோ எண்டு கேக்கவேணும். பதில் வருமட்டும் பழைய பாஸ்போர்ட் எங்களிட்ட இருக்கோணும்."

"அதுலதானய்யா எங்க வீட்டுக்குப் போற விசா இருக்கு."

"இருக்கட்டும். அது அவையள் தந்தது. நாங்கள் அதைத் தொடமாட்டம்."

"இங்கன வச்சு அது தொலைஞ்சு போச்சுன்னா?"

"தொலையாது."

"தொலைஞ்சு போச்சுன்னா, நான் எந்த ஊருக்காரின்னு யாருகிட்டப் போய்ச் சொல்லுவேன்?"

அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எரிச்சல் இல்லை. நஜ்முன்னிசா பொஸ்தகத்தை மெழுகுத்துணியில் சுற்றித் துப்பட்டிக்குள் செருகிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

இனாயத்துல்லா சயான் ஸ்டேஷனில் இறங்கியதும் பொரிந்து தள்ளினார். "ஒரு நாள் சம்பளம் போச்சு. காலாவதியான பொஸ்தகத்த நெஞ்சுல கட்டிக்கிட்டு எந்தக் கப்பல்ல ஏறுவே? ஒன்னய ஏத்துவானா?"

"ஏத்த மாட்டான், மச்சான். எனக்குத் தெரியாதா?"

"பெறவு?"

"குடுக்கணும்னுதான் நெனைச்சேன். கை வரல."

அதற்குப் பிறகு அவள் போகவே இல்லை. போகவேண்டும் என்று தினமும் காலையில் சொல்வாள். ஒரு நாள் மழை, ஒரு நாள் வயிற்று வலி, ஒரு நாள் வெள்ளிக்கிழமை. சைனப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள், "ஒனக்குப் போற ஆசையே இல்லையோ?" என்று கேட்டும்விட்டாள். நஜ்முன்னிசா அன்று பகல் முழுதும் சாப்பிடவில்லை.

மனாமாவிலிருந்து கரீம் பாட்சா என்ற தையல்காரர் லீவில் ஊருக்குப் போகிற வழியில் தாராவிக்கு வந்தார். ஷாகுல் ஹமீது கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழத்தை வைத்துவிட்டு டீ குடித்தார். எல்லாரும் சுகம் என்றார். மூத்தது சோறாக்கக் கற்றுக்கொண்டுவிட்டதாம். வாப்பாவுக்கு அதுதான் டீ போட்டுக் கொடுக்கிறதாம்.

"சின்னவன்?" என்றாள் கதவுக்குப் பின்னால் நின்ற நஜ்முன்னிசா.

"அவனுக்கு என்ன? பக்கத்து வீட்டு அரபிப் பொம்பளகிட்டத்தான் பகலெல்லாம் கெடக்கான். அந்தம்மா வளக்குது, நல்லாத்தான் வளக்குது. அதைத்தான் உம்மா உம்மாங்கான்." நல்ல செய்தி சொல்வதாகத்தான் கரீம் பாட்சா சொன்னார். கதவு உள்ளேயிருந்து சாத்தப்பட்டதும் டீ நன்றாக இருக்கிறது என்றார்.

மறுநாள் இனாயத்துல்லா பட்டறைக்குக் கிளம்பும் முன்பே நஜ்முன்னிசா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நின்றாள். துணைக்கு யாரும் வேண்டாம் என்றாள். சயான் ஸ்டேஷனில் டிக்கெட் வரிசையில் நின்று, இது எதற்கான வரிசை என்று கேட்டு, கோட்டைப் பக்கத்து வி.டி. ஸ்டேஷனுக்குச் சீட்டு வாங்கி, வழி கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தாள். யாழ்ப்பாணத்துக்காரரின் மேசையில் பொஸ்தகத்தை வைத்தாள். அவர் கை நீட்டியபின்னும் அதன் மேலிருந்து விரலை எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள்.

பொஸ்தகத்துக்குப் பதிலாக ஒரு துண்டு ரசீது கிடைத்தது. அதற்கப்புறம் இருந்த நாட்கள்தான் மோசம். குழாயடிக்கும் ரேஷன் கடைக்கும் போய் வந்தாள்; ஆனால் காட்டப் பொஸ்தகம் இல்லாததால், சந்தில் போலீஸ்காரரைக் கண்டால் அடுத்த வீட்டுக்குள் நுழைந்து, "உப்பு இருக்கா?" என்பாள். இப்படியே ஐந்தாறு வீட்டு உப்பு சைனப் வீட்டில் சேர்ந்துவிட்டது. வாரம் ஒருமுறை கோட்டைக்குப் போவாள். அவர் தலையை ஆட்டுவார். "இன்னும் வரேல்லை, தங்கச்சி." விசாவின் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சைனப் ஆறுதல் சொன்னால் எரிந்து விழுந்தாள், சொல்லாவிட்டால் அழுதாள்.

பதில் வந்தது. அன்று அவர் தலையை ஆட்டவில்லை, உட்காரச் சொன்னார். இழுப்பறையிலிருந்து புதுப் பொஸ்தகத்தை எடுத்து வைத்தார். பக்கத்தில் பழையதை வைத்தார். பிறகு ஒரு கத்தரிக்கோலை எடுத்தார்.

நஜ்முன்னிசா எழுந்துவிட்டாள். "ஐயா, அத வெட்டாதீக."

"பழையதை ரத்துச் செய்யவேணும். மேலட்டையின்ர மூலைதான்."

"மூலைன்னா எவ்வளவு?"

அவர் விரல் நுனியில் காட்டினார். அவளுக்கு அது போதவில்லை. பொஸ்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, பார்க்காமலே ஊதா முத்திரைப் பக்கத்தைத் திறந்து, அதன்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டாள். "இப்ப வெட்டுங்க."

"கையை வெட்டிப்போடுவன், தங்கச்சி."

"பரவாயில்ல."

பக்கத்து மேசைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர் மேலட்டையை மட்டும் பிரித்துப் பிடித்து, ஓரத்தில் நகக்கண் அளவுக்கு நறுக்கினார். விசாப் பக்கத்தை அவளே புரட்டிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று காத்திருந்தார். பிறகு இரண்டு பொஸ்தகத்தையும் சேர்த்து நாடாவால் கட்டி அரக்கு வைத்தார். "இரண்டும் ஒண்டாத்தான் போகவேணும். பிரிச்சால் ரெண்டும் செல்லாது, விளங்கிச்சோ?" என்றார். விளங்கிற்று. அதைவிட நன்றாக அவளுக்கு எதுவும் விளங்கியதில்லை.

விசா தீருவதற்குள் கப்பல் ஒன்று இருந்தது. பல்லார்ட் பியர் துறைமுகத்தில் அதிகாரி அரக்கைப் பார்த்தார், நாடாவுக்குள் விரலைவிட்டுப் பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். பழைய படத்தில் கன்னம் உப்பியிருந்தது, புதியதில் ஒட்டியிருந்தது. முக்காட்டை விலக்கச் சொன்னார். மூன்று முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். டப்பென்று முத்திரை விழுந்தது.

சைனப் கட்டிக்கொண்டு அழுதாள். இனாயத்துல்லா ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். "சின்னவனுக்குச் செருப்பு. அளவு தெரியாது. குத்துமதிப்பாத்தான் தச்சேன்."

கப்பல் தளத்துப் பயணிகள் பாயை விரித்து இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கரையில் லாத்தாவின் வெள்ளைத் துப்பட்டி இன்னும் தெரிந்தது. நஜ்முன்னிசா தகரப் பெட்டியின்மேல் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். இரண்டு பொஸ்தகத்தையும் மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில், பெட்டிமேல், திறந்த வெளியில் வைத்தாள். சின்னச் செருப்புகளுக்குள் இரண்டு கைகளையும் நுழைத்து, விரல்களை நீட்டி, மடக்கி, கொஞ்சம் நீட்டி, அவன் கால் இப்போது இவ்வளவு இருக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.